நுரை கட்டிய குப்பி

போன வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த பெரியவரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பதற வேண்டாம், பிழைத்திருக்கிறார். எத்தனை நாளைக்கு என்பதுதான் இப்போது வீட்டில் எல்லோருடைய கவலையும்.

வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர் அவர். இன்றைக்குத் தொற்று வார்டின் கோடிக் கட்டிலில், முகமூடி வழியாக ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் அவருடைய மகள். அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டர் அவருடைய மருமகள். கேள்விப்பட்டவர்களெல்லாம், கொடுத்துவைத்த ஆள், வீட்டு மனுஷர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றார்கள். வீட்டு மனுஷர்கள் பார்த்துக்கொள்வதில் என்ன வில்லங்கம் வரும் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

மகளுக்கு வீட்டில் கடுகு என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். ஆனால் கோபம் வந்தால் அவள் எப்படி வெடிப்பாள் என்று பார்த்தவர்கள், பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்கிறது என்பார்கள். வைத்தவர் அப்பாதான்.

தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து கடுகும் அவள் அண்ணியும் வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவமனை விடுதியிலேயே தங்கிவிட்டார்கள். அம்மாவும் அண்ணனும் வீட்டில். நடுவில் தொலைபேசிதான் எல்லாம். அந்தத் தொலைபேசி வழியாகத்தான் இன்றைய வம்பும் வந்தது.

கவச உடையைத் தனியாக மாட்டிக்கொள்ள முடியாது. ஒருவர் முதுகை இன்னொருவர் கட்டிவிட வேண்டும். அன்று காலை உடை மாற்றும் அறையில் இருந்தது இவர்கள் இரண்டு பேர் மட்டுமே. கடுகின் பின்னால் நின்று நாடாவை முடிந்துகொண்டிருந்த அண்ணி, கைவேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீ மாமாவுக்கு நல்ல பாட்டிலாப் பார்த்துப் போட்டேன்னு அத்தை உங்க அண்ணன்கிட்ட சொன்னாங்களாம். நல்ல பாட்டில்னா என்ன?"

கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, முகம் அந்தப் பக்கம் இருந்தது.

அம்மாவின் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்தே சொன்னது அவளுடைய தப்புதான். அம்மா தொலைபேசியில் விடாமல் அழுதாள். அந்த அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல் மகள் சொல்லித் தொலைத்துவிட்டாள். அம்மா அதை மகனிடம் சொன்னாள், மகன் பெண்டாட்டியிடம் சொன்னான். எல்லாம் ஒரே ராத்திரியில் நடந்து முடிந்தது.

"அம்மா அழுதாங்க அண்ணி. சமாதானத்துக்கு வாயில வந்ததைச் சொன்னேன்."

 அண்ணி நாடாவை இன்னும் ஒரு சுற்று இழுத்துக் கட்டினாள். சந்தேகம் வந்துவிட்டால் அண்ணி பேச்சைக் குறைத்துக்கொள்வாள் என்பது அந்த வீட்டில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். 

விஷயம் இதுதான். இந்த நோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். நுரையீரல் வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பப்பட்ட ஒரு புது மருந்தை முறைப்படி சோதித்துப் பார்க்கும் பொறுப்பை அண்ணி ஏற்றுக்கொண்டாள். குளிர்பெட்டியில் குப்பிகள் வரிசையாக இருக்கும். பாதியில் மருந்து, பாதியில் மருந்தில்லாத டம்மி. வெளியே ஒட்டியிருப்பது வெறும் எண். அடுத்துச் சேர்கிற நோயாளிக்கு அடுத்த எண். பொறுக்கக் கூடாது, மாற்றக் கூடாது. ஒருவருக்கு இரண்டு டோஸ். சேர்ந்த அன்றைக்கு ஒன்று, சில நாள் கழித்து அதே எண்ணில் இன்னொன்று. மற்ற சிகிச்சையெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

எது மருந்து என்று போடுகிறவளுக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. வேறு ஊரில் இருக்கிற கண்காணிப்புக் குழு ஒன்றுதான் அந்த ரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தால்தான் மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை நம் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதா என்பது விளங்கும்.

கண்ணைக் கட்டினார்கள், சரி. கையைக் கட்டவில்லையே. குளிர்ந்த குப்பியை ஊசியில் ஏற்றுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அந்த வேலை கடுகுடையது. உருட்டும்போது சில குப்பிகளில் மேலே மெல்லிசாக நுரை கட்டியது, சிலவற்றில் கட்டவில்லை. கொஞ்ச நாள் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். நுரைப்பது மருந்து, நுரைக்காதது டம்மி.

அன்றைக்கே அண்ணியிடம் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இல்லை. சொல்லத்தான் கிளம்பினாள். வழியில் ஒரு சின்னப் பெண் ஸ்ட்ரெச்சரில் வந்தாள். கைக்குழந்தையை வாசலிலேயே யாரிடமோ கொடுத்துவிட்டு, உதடெல்லாம் நீலம் பாரித்து வந்தாள். கூடவே, அத்தனை மோசமில்லாத இன்னொருவரும் வந்தார். இருவரும் ஆராய்ச்சிக்குச் சம்மதித்தார்கள். குளிர்பெட்டியில் இருந்த அடுத்த இரண்டு குப்பிகளையும் முன்னதாகவே உருட்டிப் பார்த்தாள்; அடுத்தது நுரைக்காதது, அதற்கடுத்தது நுரைப்பது. கடுகு அந்த மனிதரை முதலில் சேர்த்தாள். சின்னப் பெண்ணைப் பின்னால் சேர்த்தாள்.

அவ்வளவுதான் செய்தாள். எண்ணை மாற்றவில்லை, பொய்யாக எதையும் பதியவில்லை. இடிபட்டு மிதிபட்டு ஆட்கள் வந்து விழுகிற இடத்தில் யார் முந்தி, யார் பிந்தி என்று எவரும் கேட்கவும் இல்லை.

முதல் தடவை மனசு உறுத்தியது. பிறகு கை பழகிவிட்டது. யார் ரொம்ப முடியாமல் வருகிறார்களோ அவர்களுக்கு நுரைக்கிற குப்பி போய்ச் சேருகிற மாதிரி வரிசையை அங்கே இங்கே தள்ளினாள். எப்படியும் பாதிப்பேருக்குத்தான் மருந்து, அந்தப் பாதி தேவைப்படுகிறவர்களாக இருக்கட்டுமே என்பது அவள் நியாயம். பாவப்பட்டுச் செய்கிற காரியத்தில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பாருங்கள், நமக்கும் தோன்றியிருக்குமா?

ஆனால் போன வாரம் நடந்தது அந்தக் கணக்கில் வராது. அன்று அப்பாவுக்கு முன்னால் தையல்காரர் ஒருவர் வந்து காத்திருந்தார். அப்பாவுக்கு எவ்வளவு மூச்சுத் திணறலோ, அதே அளவு அவருக்கும். நியாயமாக அடுத்த குப்பி அவருடையது. அது நுரைத்தது. கடுகு அவருடைய படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டு, அப்பாவை முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். விட்டுப்போன கையெழுத்து எதுவும் இல்லை. தையல்காரருக்குப் போய்ச் சேர்ந்தது நுரைக்காத குப்பி.

இப்போது அப்பா கோடிக் கட்டிலில், தையல்காரர் பக்கத்துக் கட்டிலில். நடுவில் ஒரு துணித் திரை.

காலையில் கடுகு உள்ளே போனபோது அப்பா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண்ணைத் தன் பழைய வண்டியின் வேகமானியைப் போல விடாமல் கவனிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. நேற்றைக்கு இன்று இறக்கம்தான்.

"மேட்டுல இழுக்க மாட்டேங்குது," என்றார் முகமூடிக்குள்ளிருந்து. "இன்னிக்கு இன்னொரு ஊசி இருக்குன்னியே, அது எப்போ?"

சாயங்காலம் என்று சொல்லிவிட்டு, அவரைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்பாவின் முதுகெலும்பு கையுறைக்குள் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. இந்த முதுகில் ஏறிக்கொண்டு வீடெல்லாம் சுற்றியிருக்கிறாள்.

திரைக்கு அந்தப் பக்கம் போனாள். தையல்காரர் வந்த நாளிலிருந்து அவள் கவச உடையைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தவர். தோள் இறங்கியிருக்கிறது, அக்குளில் துணி விடவே இல்லை, இதைத் தைத்தவன் கையில் கிடைத்தால் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன் என்பார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மூச்சு வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கடுகு ஆக்சிஜனைக் கூட்டிவைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை.

மதியம் அண்ணி வார்டுக்கு வெளியே நடைபாதையில் நர்ஸ்களையும் இளம் டாக்டர்களையும் கூப்பிட்டு நிற்கவைத்தாள். கண்காணிப்புக் குழுவிடமிருந்து காலையில் தகவல் வந்திருக்கிறது என்றாள். இதுவரை வந்த முடிவுகளை அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து, டம்மி இரண்டில் ஒரு பக்கத்தில் சாவு அதிகமாக இருக்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஆராய்ச்சியை நிறுத்த வேண்டியிருக்கும் என்கிறார்கள். சாயங்காலம் காணொளியில் கூட்டம். மருந்தால்தான் சாவு என்று நிறுத்தினால் அந்த மருந்துக்கு அதோடு மங்களம் பாடின மாதிரிதான். பிறகு அதை எந்த மருத்துவமனையும் ஏறெடுத்துப் பார்க்காது.

"இங்க நடைமுறையில ஏதாவது தப்பு நடந்திருக்கான்னு கேட்கிறாங்க. யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்க."

 அண்ணியின் கண் எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடுகிடம் வந்து நின்றது. கடுகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உட்கார இடமில்லை. ஆக்சிஜன் குழாய் அடுக்கிய பெட்டிமேல் சாய்ந்து நின்றாள். செத்துப்போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைக்குழந்தைக்காரி, அவள் வந்த மூன்றாம் நாளே போய்விட்டாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த மின்சாரப் பணியாளன். ஆஸ்துமாக்காரப் பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவள்தான் பார்த்துப் பார்த்து நுரைக்கிற குப்பியைக் கொடுத்தாள். எல்லோரும் வரும்போதே முக்கால்வாசி போய்க்கொண்டிருந்தவர்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நுரைக்கிற பக்கத்தில் சாவு அதிகம் என்றால், அதற்குக் காரணம் குப்பி இல்லை. சாகக் கிடந்தவர்களை எல்லாம் பொறுக்கி அந்தப் பக்கம் அனுப்பியது அவள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாது. மருந்து கொல்கிறது என்றுதான் அவர்கள் முடிவு கட்டுவார்கள். நல்ல மருந்தாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுவார்கள், இவளுடைய இரக்கத்தால்.

அப்பாவின் இரண்டாவது டோஸும் அதோடு போயிற்று.

சொல்லிவிட்டால்? வேலை போகும், அது நிச்சயம். அண்ணியின் பெயர் நாறிப்போகும். தலைமை டாக்டரின் நாத்தனாரே இப்படிச் செய்தாள் என்றால் யார் நம்புவார்கள் டாக்டருக்குத் தெரியாது என்று? சம்மதித்த அத்தனை குடும்பங்களிடமும் என்ன சொல்வது?  அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். இன்னொரு ஊசி போட்டாயிற்றா, அதே நல்ல பாட்டில்தானே என்று கேட்டாள். கடுகு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அண்ணி தன் அறையில் நின்றுகொண்டே ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடுகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நல்ல பாட்டில்னா என்னன்னு கேட்டீங்களே அண்ணி."

எல்லாவற்றையும் சொன்னாள். நுரையைச் சொன்னாள், வரிசையைச் சொன்னாள், கைக்குழந்தைக்காரியைச் சொன்னாள். அண்ணி ரொட்டியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவளுக்கு, அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து வந்ததுதான் பயத்தைக் கிளப்பியது.

"நுரைக்கிறதுதான் மருந்துன்னு உனக்கு யார் சொன்னா?"

"டம்மி வெறும் தண்ணிதானே அண்ணி."

"வெறும் தண்ணி இல்ல. பார்க்க மருந்து மாதிரியே இருக்கணும்னு அதுலயும் எதையாவது கலப்பாங்க. என்ன கலந்தாங்கன்னு எனக்கே தெரியாது. நுரைக்கிறது டம்மியா இருந்தா என்ன பண்ணுவே? அந்தச் சின்னப் பொண்ணுக்கு, மாமாவுக்கு, முடியாம வந்த ஒவ்வொருத்தருக்கும் பொறுக்கிப் பொறுக்கி டம்மியாப் போட்டிருந்தா?"

  இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கடுகு இதை யோசித்ததில்லை. மருந்து எது என்று தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையிலேயே அவள் தூங்கி எழுந்திருக்கிறாள்.

"அப்பாவுக்கும்..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். அப்பா வந்த காலையில் தையல்காரரை உட்காரவைத்த கதையை அழுகைக்கு நடுவே சொன்னாள்.

அண்ணி நெருங்கி வரவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவினாள்.

"மாமா வந்த அன்னிக்கு குளிர்பெட்டிச் சாவி என் பாக்கெட்லதான் இருந்துச்சு," என்றாள் முதுகைத் திருப்பியபடியே. "உன்கிட்ட கொடுத்துட்டு மாடிக்குப் போயிட்டேன். பக்கத்துல நின்னா எனக்கும் கை நீண்டுடுமோன்னு பயம். நீ ஒழுங்காப் போடுவேன்னு நம்பி உன்கிட்ட கொடுத்தேன்."

கடுகு அழுகையை அடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல அண்ணி."

 யாருக்கும் தெரியாது. எந்தப் பதிவிலும் தப்பில்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் விஷயம் இந்தக் கதவைத் தாண்டப் போவதில்லை. அந்த நினைப்பு இருவர் மனசிலும் வந்தது, இருவருக்கும் அது தெரிந்தும் இருந்தது. அண்ணி குழாயை மூடினாள். சாயங்காலக் கூட்டத்தில் நீயும் வந்து உட்கார், உன் வாயாலேயே சொல், என் பங்கை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

"நான் சொன்னா, அப்பாவோட ரெண்டாவது டோஸ்?"

"சொல்லாட்டி இன்னிக்கோட நிறுத்திடுவாங்க. சொன்னா என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

கடுகு அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். சொன்னால் குழுவுக்குப் புரியும், மருந்து கொல்லவில்லை என்று தெரியும், ஆராய்ச்சி தொடரும், அப்பாவுக்கு ஊசி விழும். உண்மையைச் சொல்லத் துணிந்தவளுக்குள் ஒரு மூலையில் இந்தப் பேரமும் நடந்துகொண்டிருந்தது. மறைப்பானேன்.

சாயங்காலம் கணினித் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் தெரிந்தன. நடுவில் இருந்த அம்மையார்தான் குழுத் தலைவி. கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பின்னால் அவர் வீட்டு அலமாரியில் துணிகள் மடித்தும் மடிக்காமலும் கிடந்தன. அண்ணி முதலில் பேசினாள். தன் பொறுப்பில் இருந்த இடத்தில் தவறு நடந்திருக்கிறது, அதைத் தான் கவனிக்கவில்லை, நடந்ததை நர்ஸே சொல்வார் என்று சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

கடுகு சொன்னாள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. நுரை, வரிசை, முடியாதவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அப்பாவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவரை விட்டுவிட்டாலும் கதை முழுசாகத்தான் இருந்தது. இரக்கப்பட்ட ஒரு நர்ஸ் என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணி அவளைப் பார்த்தாள்.

"கடைசியா வரிசை மாத்திச் சேர்த்தது என் அப்பாவை. அவருக்கு முன்னாடி ஒருத்தர் காத்திட்டிருந்தார். பொய் சொல்லி அவரைப் பின்னாடி தள்ளினேன். இரக்கப்பட்டு இல்ல. அப்பாங்கிறதால."

கட்டங்களுக்குள் இருந்த முகங்கள் அசையவில்லை. திரை உறைந்துவிட்டதோ என்று கடுகு நினைத்தாள். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னதற்கு நன்றி என்றார். குரலில் கோபம் இல்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பதைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும், நாளைக் காலையில் முடிவு சொல்கிறோம் என்றார். அதுவரைக்கும் குளிர்பெட்டியைப் பூட்டிவிடுங்கள், இந்த நிமிஷத்திலிருந்து யாருக்கும் எந்தக் குப்பியும் போடக் கூடாது.

கடுகு திரைக்கு அருகே குனிந்தாள்.

"அம்மா, என் அப்பாவுக்கு இன்னிக்கு ரெண்டாவது டோஸ்."

"யாருக்கும் வேண்டாம்மா. எதைப் போட்டா நல்லது, எதைப் போட்டா கெடுதல்னு இப்ப எங்களுக்கே தெரியல."

திரை அணைந்தது. அண்ணி எழுந்து போய்க் குளிர்பெட்டியைப் பூட்டினாள். சாவியைக் கடுகிடம் தரவில்லை, தன்னிடமும் வைத்துக்கொள்ளவில்லை, மருந்தகத்தில் கொடுத்து அனுப்பிவிட்டாள். உன்னை நாளையிலிருந்து வார்டுக்கு விட மாட்டார்கள், இன்றைய ஷிப்ட்டை மட்டும் முடித்துக்கொள் என்றாள். மாற்றி நிறுத்த ஆள் இல்லாத நிலைமை. 

அப்பாவிடம் யார் சொல்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மகள்தான் போனாள்.

அப்பா விழித்துக்கொண்டிருந்தார். மானிட்டரில் எண் காலையைவிட இறங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் கையை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டார், ஊசிக்கு. அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது. அந்தக் கையைப் பிடித்து மெத்தைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு ஊசி இல்லப்பா. என்னாலதான் நின்னுபோச்சு."

நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் மூச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தார். தையல்காரரைப் பொய் சொல்லி உட்காரவைத்தது வரைக்கும் வந்தபோது அவர் கண் அவள் முகத்தை விட்டு விலகித் திரைச்சீலைக்குப் போனது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் முகத்தில் இருந்தது வெட்கம். மகளுக்காகப் பட்ட வெட்கம்.

"அந்த ஆள்கிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்கிட்ட ஏன் சொல்லிட்டு நிக்கிறே?"

அவள் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். தையல்காரர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். துணித் திரைதானே, எல்லாம் கேட்டிருக்கிறது. கடுகு சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்து நிறுத்தினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊசி பிடித்துப் பழகிய விரல்கள், பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.

"எனக்குப் போட்டது எது சிஸ்டர்?"

"தெரியாதுங்க," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். நம்பினாரா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவருக்கு மூச்சு பாதியில் சிக்கிக்கொண்டது. மார்பு மேலும் கீழும் தூக்கிப் போட்டது. அவருடைய மானிட்டர் கத்த ஆரம்பித்தது.

அதே சமயத்தில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொரு மானிட்டர் கத்தியது. அப்பாவுடையது.

கடுகின் உடம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள். தையல்காரரின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன, ஆனால் இழுத்துப் பிடிக்கவில்லை. உதறினால் விட்டுவிடும் பிடிதான்.

அவர் தலைமாட்டில் இருந்த எண்ணைப் பார்த்தாள். அப்பாவுடையது எங்கே நிற்கிறது என்று திரை மறைத்தது.

"கோடிக் கட்டிலுக்கு யாராவது ஓடுங்க," என்று வார்டே அதிரக் கத்தினாள்.  எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுத்தாள். தையல்காரரின் தலையை நிமிர்த்தி, முகமூடியை அழுத்திப் பிடித்து, ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தப் பக்கம் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரை விலக்கப்படும் சத்தம் கேட்டது. மாமா, மாமா என்று அண்ணி கூப்பிடுவது கேட்டது. அப்பா பதில் சொல்வது மட்டும் கேட்கவில்லை.